ஜெனீவாவில் வைத்த கையெழுத்தும் புதுக்கடையில் மூடிய கதவும்

1993 ஜூலையில் மட்டக்களப்பில் நடந்த ஒரு சுற்றிவளைப்பில் படையினர் அள்ளிச் சென்றவர்களில் சிங்கராசாவும் ஒருவர். தமிழ் தவிர வேறு மொழி தெரியாதவர். மாதக்கணக்கான தடுப்புக்காவலில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் முன்னிலையில் அவர் சொன்னதாக ஒரு வாக்குமூலம் எழுதப்பட்டது. மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ்காரர்தான். தாளில் இருந்தது சிங்களம். அதன் கீழே இருந்தது அவருடைய பெருவிரல் அடையாளம். அடித்துத் துன்புறுத்தித்தான் அதை வாங்கினார்கள் என்று அவர் சொன்னார்.

யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு முகாம்களைத் தாக்கச் சதி செய்தார் என்று கொழும்பு மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அந்த வாக்குமூலத்தைத் தவிர அவருக்கு எதிராக வேறு சான்று இருக்கவில்லை. 1995இல் 50 ஆண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1999இல் அதை 35 ஆண்டாகக் குறைத்தது. 2000 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மேலும் மேன்முறையீடு செய்ய அனுமதி மறுத்தது. உள்நாட்டில் தட்டுவதற்கு வேறு கதவு இல்லை என்ற நிலையில் அவருடைய முறைப்பாடு ஜெனீவாவுக்குப் போனது.

2004 ஜூலையில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு தன் முடிவைச் சொன்னது. நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டிருக்கிறது. சித்திரவதையால் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பாரத்தைக் குற்றம் சாட்டப்பட்டவரின் தலையிலேயே வைத்தது தவறு. அவரை விடுதலை செய்யுங்கள், அல்லது மறுபடி விசாரியுங்கள், இழப்பீடும் கொடுங்கள் என்றது. அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய சட்டத்தரணிகள் மீண்டும் கொழும்புப் புதுக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். 2006 செப்டெம்பர் 15இல், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஐந்து நீதியரசர்களைக் கொண்ட ஆயம் மனுவைத் தள்ளியது. அதோடு நிற்கவில்லை. ஜெனீவாக் குழுவிடம் முறையிடும் வழியைத் திறந்துவிட்ட அரசின் கையெழுத்தே அரசியலமைப்புக்கு முரணானது என்றும் சொன்னது.

ஜெனீவா என்ற பெயர் நம் வீடுகளில் எவ்வளவு எதிர்பார்ப்போடு உச்சரிக்கப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மார்ச் வந்தால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பேச்சு அதைப் பற்றித்தான். அதனால் இந்தத் தீர்ப்பு என்ன சொன்னது, எதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், மற்ற நாடுகள் இதே இடத்தில் என்ன செய்தன என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டுகளாக இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் வழக்காடுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மார்ச்சிலும் செப்டெம்பரிலும் இலங்கை பற்றித் தீர்மானம் நிறைவேற்றுவது மனித உரிமைகள் பேரவை. அது 47 அரசுகள் உட்கார்ந்து வாக்களிக்கும் அரசியல் மன்றம். சிங்கராசாவின் முறைப்பாட்டைக் கேட்டது மனித உரிமைகள் குழு. அது 18 நிபுணர்களைக் கொண்டது. தனி மனிதர் ஒருவரின் கோப்பை எடுத்துப் படித்து, ஒப்பந்தம் மீறப்பட்டதா என்று பார்ப்பது அதன் வேலை. கொழும்பில் இருக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழு மூன்றாவது; அது நம் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவானது. பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் ஒன்றிடம் போக வேண்டியதை மற்றதிடம் எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

குழு காக்கும் ஒப்பந்தத்தின் முழுப் பெயர் குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயம். 1966இல் ஏற்கப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதில் சேர்ந்தது 1980 ஜூன் 11இல். சிங்கராசாவின் வாக்குமூலத்தைப் பின்னாளில் சான்றாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்து அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. தனிமனிதர்கள் குழுவிடம் நேரடியாக முறையிடலாம் என்பது சமவாயத்தோடு ஒட்டிய இன்னொரு ஆவணம். விருப்ப நெறிமுறை என்பார்கள். லக்ஷ்மன் கதிர்காமர் வெளிவிவகார அமைச்சராக இருந்தபோது, 1997 ஒக்டோபரில், இலங்கை அதிலும் சேர்ந்தது.

இனி, நீதிமன்றத்தின் தரப்பை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஓர் அரசு வெளியே கையெழுத்திட்ட உடன்படிக்கை உள்ளே சட்டமாகுமா என்ற கேள்விக்கு உலகில் இரண்டு பழைய விடைகள் உண்டு. உள்நாட்டுச் சட்டமும் சர்வதேசச் சட்டமும் ஒரே உடல் என்று கருதும் நாடுகளில், ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை நேரே நீதிமன்றத்துக்குள் வந்துவிடும். இதை ஒருமைவாதம் என்பார்கள். இரண்டும் வெவ்வேறு வீடுகள் என்று கருதும் நாடுகளில், பாராளுமன்றம் தனியே ஒரு சட்டம் இயற்றினால்தான் உடன்படிக்கைக்கு உள்ளே இடம். இது இருமைவாதம். பிரித்தானியா இந்த இரண்டாவது வழி. அதனிடமிருந்து நாமும் இந்தியாவும் அதைப் பெற்றோம்.

இருமைவாதம் கெட்ட கொள்கை அல்ல. அரசர் வெளிநாட்டோடு ஒரு தாளில் ஒப்பமிட்டு, அதைக் காட்டிக் குடிமக்களின் உரிமையைப் பறித்துவிடக் கூடாது என்ற அச்சத்தில் பிறந்தது அது. நம் நாட்டிலும் ஜனாதிபதி ஒருவர் தனியே கையெழுத்திட்டுச் சட்டத்தை மாற்றிவிட முடியுமென்றால் அது ஆபத்து. ஆகவே சமவாயத்துக்கு உயிர் கொடுக்கப் பாராளுமன்றம் சட்டம் இயற்றவில்லை, எனவே அதை அடிப்படையாக வைத்து ஏற்கெனவே முடிந்த தண்டனைத் தீர்ப்பை மாற்ற முடியாது என்று மட்டும் நீதிமன்றம் சொல்லியிருந்தால், எனக்கு அது கசந்திருக்கும். ஆனால் தவறென்று சொல்வது கடினமாக இருந்திருக்கும்.

நீதிமன்றம் எடுத்து வைத்த அடுத்த அடிதான் சிக்கல். அரசியலமைப்பின் 3ஆம், 4ஆம் உறுப்புரைகளின்படி இறைமை மக்களுடையது. நீதி அதிகாரம் அந்த இறைமையின் ஒரு பகுதி. அது நம் நீதிமன்றங்கள் வழியாகவே செயல்பட வேண்டும். விருப்ப நெறிமுறையில் சேர்ந்ததன் மூலம் ஜனாதிபதி அந்த அதிகாரத்தை வெளியே இருக்கும் ஒரு குழுவுக்குக் கொடுத்துவிட்டார். 33ஆம் உறுப்புரை அதற்கு இடமளிக்கவில்லை. எனவே அந்தச் சேர்வுக்கு நாட்டுக்குள் சட்ட வலு இல்லை. தீர்ப்பின் தருக்கம் இதுதான்.

ஆனால் அந்தக் குழு நீதிமன்றம் அல்ல. அதன் முடிவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே ‘கருத்துகள்’. கொழும்பில் ஒரு சிறைக்கதவைக்கூட அதனால் திறக்க முடியாது. எந்தத் தீர்ப்பையும் அது இரத்துச் செய்யாது, பிணையும் கொடுக்காது. நீங்கள் கொடுத்த வாக்கை நீங்களே மீறியிருக்கிறீர்கள், இதை எப்படிச் சீர்செய்யலாம் என்று பாருங்கள் என்று அரசிடம் சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. கடன் எழுதிக் கொடுத்தவரிடம் கணக்கை நினைவூட்டுகிறவர் கடன் வாங்கியவரின் வீட்டுப் பொறுப்பைப் பறித்துக்கொண்டார் என்று சொல்ல முடியுமா?

அயர்லாந்து நம்மைப் போன்றே இருமைவாத நாடு. அங்கே ஒரு கைதி, விசேட நீதிமன்றம் ஒன்றில் தண்டிக்கப்பட்டவர், இதே குழுவிடம் முறையிட்டு 2001இல் வென்றார். முடிவோடு திரும்பி வந்து அயர்லாந்து உயர் நீதிமன்றத்தை நாடினார். 2002இல் அவரும் தோற்றார். பாராளுமன்றம் சட்டமாக்காத சமவாயத்தை வைத்து ஒரு தண்டனையை நீக்க முடியாது என்றார்கள். ஆனால் அயர்லாந்து அரசு அந்த ஏற்பாட்டில் சேர்ந்ததே செல்லாது என்று அந்த நீதியரசர்கள் சொல்லவில்லை. வழக்கு தோற்றது, கதவு இருந்த இடத்திலேயே இருந்தது.

ஸ்பெயின் இன்னும் ஒரு படி மேலே போனது. குடும்ப வன்முறைக்குள்ளான ஒரு தாய், கணவரின் கொடுமையைப் பற்றித் திரும்பத் திரும்ப அதிகாரிகளிடம் முறையிட்டும், மகளைத் தந்தை தனியே சந்திக்க அனுமதி கொடுக்கப்பட்டது. 2003இல் அப்படியொரு சந்திப்பில் தந்தை அந்தக் குழந்தையைக் கொன்றார். பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் சமவாயத்தின் குழு 2014இல் அந்தத் தாயின் பக்கம் முடிவு சொன்னது. ஸ்பெயின் அரசு அசையவில்லை. 2018 ஜூலையில் ஸ்பெயின் உயர் நீதிமன்றம் அந்த முடிவை அரசு மதித்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்து, 600,000 யூரோ இழப்பீடு கொடுக்க வைத்தது. ஸ்பெயினின் அரசியலமைப்பு உடன்படிக்கைகளுக்கு நம்முடையதைவிட நல்ல இடம் கொடுக்கிறது என்பது உண்மை. ஆனாலும் சர்வதேசக் குழுவொன்றின் முடிவை மதித்ததால் ஸ்பெயினின் இறைமை எங்கும் கரைந்துபோகவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கையெழுத்து செல்லாது என்று நம் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, அரசு என்ன செய்திருக்க வேண்டும்? ஜமைக்கா 1997இல் விருப்ப நெறிமுறையிலிருந்து முறைப்படி விலகியது. மரண தண்டனைக் கைதிகளின் முறைப்பாடுகள் அதற்குப் பிடிக்கவில்லை. அதை நான் நல்ல முன்மாதிரியாகச் சொல்லவில்லை. ஆனால் அது உலகத்துக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வெளியேறியது. இலங்கை விலகவில்லை. இன்றும் நாம் அதில் உறுப்பினர்தான். வெளியே ‘எங்கள் மக்கள் உங்களிடம் முறையிடலாம்’ என்ற வாக்கு நிலைத்திருக்கிறது. உள்ளே அந்த முறையீட்டின் விளைவுக்கு மதிப்பில்லை. உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டி உடன்படிக்கையை மீறியதற்குச் சமாதானம் சொல்ல முடியாது என்பது 1969ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை எழுத்தில் வைத்த விதி. எழுதப்படுவதற்கு முன்பே நாடுகளிடையே வழமையாக இருந்த விதியும்கூட. அந்த விதிக்கும் 2006ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் சிறையில் இருந்த ஒரு மனிதர்.

இப்போது நான் மனம்விட்டுச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். வெளியே தீர்ப்பளிக்கும் அமைப்புகளை இலங்கை ஏற்பதே இல்லை என்று யாராவது நினைத்தால் அது சரியல்ல.

சமவாயத்தில் சேர்ந்த அதே 1980ஆம் ஆண்டில், பெப்ரவரியில், இலங்கை பிரித்தானியாவோடு முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றிலும் கையெழுத்திட்டது. அது பின்னர் ஹொங்கொங்குக்கும் விரிவாக்கப்பட்டது. ஹொங்கொங் நிறுவனம் ஒன்று மட்டக்களப்பில் இறால் பண்ணை நடத்திய செரண்டிப் சீஃபூட்ஸ் என்ற கம்பனியில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு வைத்திருந்தது. 1987 ஜனவரி 28இல் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நடந்த படை நடவடிக்கையில் அந்தப் பண்ணை அழிந்தது. பண்ணைத் தொழிலாளர்களும் ஊரவர்களுமாகப் பலர் கொல்லப்பட்டனர். அந்தப் பண்ணை இருந்த படுவான்கரையில் அந்த நாளை இன்னும் யாரும் மறக்கவில்லை.

நிறுவனம் வொஷிங்டனில் உலக வங்கியின் கீழ் இயங்கும் முதலீட்டுப் பிணக்குத் தீர்வு நிலையத்துக்குப் போனது. மூவர் கொண்ட நடுத்தீர்ப்பு மன்றம் 1990 ஜூனில் முடிவு சொன்னது. பண்ணையை அழித்தது யார் என்பதை உறுதியாகச் சொல்லாவிட்டாலும், அதைக் காக்க எடுத்திருக்க வேண்டிய முன்னெச்சரிக்கைகளை அரசு எடுக்கவில்லை என்று பெரும்பான்மை கண்டது. 460,000 அமெரிக்க டொலரும் வட்டியும் கொடுக்கும்படி இலங்கை பணிக்கப்பட்டது. இரு அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்டு அந்த நிலையத்தில் தீர்க்கப்பட்ட முதல் வழக்கு அதுதான். இன்று உலகெங்கும் சட்ட மாணவர்கள் முதலீட்டுச் சட்டம் படிக்கத் தொடங்கும்போது முதல் வாரத்தில் சந்திக்கும் பெயர்களில் அது ஒன்று. மட்டக்களப்பின் ஓர் இறால் பண்ணை அப்படித்தான் உலகச் சட்டத்தில் இடம்பெற்றது. அங்கே இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அந்த மன்றத்தில் தரப்பினராக நிற்க வழி இருக்கவில்லை. ஒப்பந்தம் முதலீட்டாளருக்கு மட்டுமே பேசும் உரிமை கொடுத்திருந்தது.

ஒரே மாவட்டம், ஒரே ஆண்டில் வைத்த இரண்டு கையெழுத்துகள். ஒன்றின் கீழ் வெளிநாட்டு மன்றம் சொன்னதற்கு இழப்பீடு. மற்றதை மீறிவிட்டீர்கள் என்று வெளிநாட்டுக் குழு சொன்னதற்கு, சொல்ல உனக்கு அதிகாரமே இல்லை என்ற பதில்.

இது தற்செயல் அல்ல. அரசியலமைப்பிலேயே அதன் அடையாளம் இருக்கிறது. 157ஆம் உறுப்புரையைப் பாருங்கள். வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் ஒப்பந்தத்தைத் தேசிய பொருளாதார அபிவிருத்திக்கு அத்தியாவசியமானது என்று பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு ஒரு தீர்மானத்தால் அங்கீகரித்தால், அது அப்படியே நாட்டில் சட்ட வலுப் பெறும். அதற்கு முரணாகச் சட்டம் இயற்றவோ நிர்வாக நடவடிக்கை எடுக்கவோ முடியாது. தேசிய பாதுகாப்பு மட்டும்தான் விதிவிலக்கு. தனியே ஒரு சட்டம் தேவையில்லை. இருமைவாத வீட்டில் முதலீட்டுக்கென்று ஒரு தனி வாசல் 1978இலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். மனித உரிமை உடன்படிக்கைக்கு அப்படியொரு உறுப்புரை இல்லை.

அதன் பிறகும் வாசல்கள் அகலமாகிக்கொண்டே வந்திருக்கின்றன. 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின்படி, சிங்கப்பூரிலோ இலண்டனிலோ தனிப்பட்ட மூவர் கொடுத்த தீர்ப்பைக் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் பதிந்து நிறைவேற்றலாம். அரசு உலகச் சந்தையில் விற்ற டொலர் பிணைமுறிகள் நியூயோர்க் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. 2022இல் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் போனபோது ஒரு கரீபியன் வங்கி இலங்கையை நியூயோர்க் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2021இல் கொழும்புத் துறைமுக நகரத்துக்கு இயற்றிய சட்டமும் வணிகப் பிணக்குகளுக்கு அங்கேயே ஒரு நடுத்தீர்ப்பு மையத்தை அமைக்கச் சொல்கிறது. இவை எல்லாம் கூடாதவை என்று நான் வாதிட வரவில்லை. வணிகம் நடக்க நம்பிக்கை வேண்டும். நடுத்தீர்ப்பு இரு தரப்பின் சம்மதத்தில் பிறப்பது. ஆனால் அரசு சம்மதித்து ஏற்ற வெளி மன்றம் ஒன்று பண விடயத்தில் கட்டுப்படுத்தும் தீர்ப்புக் கொடுக்கும்போது மக்களின் நீதி அதிகாரம் கைமாறவில்லை என்றால், கட்டுப்படுத்தவே முடியாத கருத்தொன்றை ஒரு குழு சொல்லும்போது மட்டும் எப்படிக் கைமாறுகிறது? பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்விக்கு மனநிறைவான விடை எனக்குக் கிடைக்கவில்லை.

வெளியிலிருந்து வந்த சட்டம் நமக்கு அந்நியம் என்ற பேச்சும் புதுக்கடையில் நின்றால் எடுபடாது. நீதிமன்றங்கள் நிற்கும் அந்த மேட்டின் ஆங்கிலப் பெயர் ஹல்ஸ்டொர்ப். 1656இல் கொழும்பு முற்றுகையின்போது இறந்த டச்சுத் தளபதி ஹல்ப்ட்டின் பெயரால் வந்தது. டச்சுக்காரர் கொண்டுவந்த உரோமன் டச்சுச் சட்டத்தைப் பிரித்தானியர் 1799இல் ஒரு பிரகடனத்தால் தொடர விட்டார்கள். சொத்திலும், பிறருக்கு விளைவித்த தீங்குக்கான பொறுப்பிலும் அது இன்னும் நம் பொதுச் சட்டம். ஒல்லாந்தே அதை 1809இல் கைவிட்டு நெப்போலியனின் சட்டக்கோவைக்குப் போய்விட்டது. தென்னாபிரிக்காவும் அதன் அயல்நாடுகள் சிலவும் நாமும்தான் இன்னும் அதைப் பேணுகிறோம். அந்தச் சட்டத்துக்கு நம் சட்டத்தரணிகள் மேற்கோள் காட்டும் முதன்மை ஆசிரியர்களில் ஒருவர் ஹ்யூகோ குரோஷியஸ். ஒல்லாந்தில் அரசியல் கைதியாகக் கோட்டையொன்றில் அடைபட்டிருந்தபோது அந்தச் சட்ட விளக்கத்தை அவர் எழுதினார். 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று உலகம் அழைப்பதும் அதே மனிதரைத்தான். காணி வழக்கில் குரோஷியஸைக் கேட்கிறோம். நாடுகள் கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும் என்று அவர் எழுதியதை மட்டும் கேட்க மறுக்கிறோம். அவருடைய சொந்த நாட்டின் இன்றைய அரசியலமைப்போ, மக்களை நேரடியாகக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை விதிக்கு முரணாக இருந்தால் பாராளுமன்றச் சட்டத்தையே நீதிமன்றம் ஒதுக்க வேண்டும் என்கிறது.

நம் நீதிமன்றங்களுக்குக் கேட்கும் காது இல்லை என்றும் சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டில் எப்பாவல பொஸ்பேட் வழக்கு வந்தது. அமெரிக்க நிறுவனமொன்றோடு அரசு செய்யவிருந்த அகழ்வு ஒப்பந்தத்தை அப்பகுதி விவசாயிகளும் ஒரு பிக்குவும் எதிர்த்தார்கள். நீதியரசர் அமரசிங்க 1972ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் பிரகடனத்தையும் 1992ஆம் ஆண்டின் ரியோ பிரகடனத்தையும் எடுத்து வைத்து மனுதாரர் பக்கம் தீர்ப்பளித்தார். அவை உடன்படிக்கைகள்கூட அல்ல. யாரையும் கட்டுப்படுத்தாத பிரகடனங்கள். ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடு என்ற வகையில் அவற்றைப் புறக்கணித்துவிட முடியாது என்பதுதான் அவருடைய நிலைப்பாடு. அதே ஆண்டில் வீரவன்ச வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டவரின் உரிமையைப் பார்க்கும்போது, சமவாயத்தையும், சர்வதேசச் சட்டத்துக்கும் உடன்படிக்கைக் கடப்பாடுகளுக்கும் மதிப்பை வளர்க்கச் சொல்லும் 27(15)ஆம் உறுப்புரையையும் துணைக்கு எடுத்துக்கொண்டார். ஆறு ஆண்டுகள் கழித்து அந்தப் பாதை மறைந்துபோனது.

இந்தியா இதே இருமைவாத வீட்டில் இருந்துகொண்டே எப்படி நடந்தது என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு 1980ஆம் ஆண்டின் கேரள வழக்கொன்று. வங்கிக் கடனைக் கட்ட முடியாத இருவரைச் சிறையில் போட வங்கி கேட்டது. ஒப்பந்தக் கடப்பாட்டை நிறைவேற்ற இயலவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரையும் சிறையிடக் கூடாது என்கிறது சமவாயத்தின் 11ஆம் உறுப்புரை. நீதியரசர் கிருஷ்ணய்யர் சமவாயம் இந்தியாவில் சட்டமல்ல என்பதை ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டுவிட்டு, இருக்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தையே அந்த உறுப்புரையின் வெளிச்சத்தில் படித்தார். பணம் இருந்தும் கட்ட மறுக்கும் கெட்ட எண்ணம் வேறு, ஏழ்மை வேறு. ஏழ்மைக்குச் சிறை இல்லை என்றார். பாராளுமன்றத்தின் அதிகாரம் அப்படியே இருந்தது. ஒரு சொல்லைப் படிக்கும் விதம் மட்டும் மாறியது. 1997இல் விசாகா வழக்கில், பணியிடப் பாலியல் தொல்லைக்குச் சட்டமே இல்லாத வெற்றிடத்தைப் பெண்கள் உரிமைச் சமவாயத்தைக் கொண்டு இந்திய உச்ச நீதிமன்றம் நிரப்பியது. பாராளுமன்றச் சட்டம் வந்தது 2013இல்தான். தென்னாபிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு, உரிமைகளுக்குப் பொருள் சொல்லும்போது சர்வதேசச் சட்டத்தைக் கருத்தில் கொண்டே ஆக வேண்டும் என்று நீதிமன்றத்தைக் கட்டாயப்படுத்துகிறது. கென்யா 2010இல் ஒரே வரியில் முடித்துவிட்டது: ஏற்ற உடன்படிக்கை கென்யச் சட்டத்தின் பகுதி.

சிங்கராசா வழக்குக்குப் பிறகு பாராளுமன்றம் சும்மா இருக்கவில்லையே, 2007இல் சமவாயத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தைத் தாங்கிய ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் வந்ததே என்று கேட்பீர்கள். வந்தது. ஏன் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகைக்கு, மனித உரிமை உடன்படிக்கைகளை உள்ளே நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. ஆடைத் தொழிற்சாலைகள் அந்தச் சலுகையை நம்பி இருந்தன. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் அந்த அழுத்தத்தில் பிறந்தது. அதனால் ஒல்லியாகவும் பிறந்தது. சமவாயத்தின் நீண்ட உரிமைப் பட்டியலிலிருந்து சிலதை மட்டும் எடுத்தது. உயிர் வாழும் உரிமை அதில் இல்லை. நம் அரசியலமைப்பிலும் அது வெளிப்படையாக எழுதப்படவில்லை. 2003இல் உயர் நீதிமன்றம்தான் நீதிமன்ற உத்தரவின்றி யாருக்கும் மரண தண்டனையோ சிறையோ கூடாது என்னும் 13(4)ஆம் உறுப்புரையின் உள்ளிருந்து அதைக் கண்டெடுத்தது. மீதி உரிமைகள் எல்லாம் அரசியலமைப்பிலும் மற்றச் சட்டங்களிலும் போதுமான அளவு இருக்கின்றன என்று 2008 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஜனாதிபதிக்கு ஆலோசனை வழங்கியது. ஐரோப்பாவுக்கு அது போதவில்லை. 2010 ஓகஸ்டில் சலுகை நிறுத்தப்பட்டு 2017 மேயில்தான் திரும்பியது.

அந்தச் சட்டத்தில் உயிரோடு இயங்குவது 3ஆம் பிரிவுதான். இன, மத வெறுப்பைத் தூண்டுவோருக்குப் பத்து ஆண்டுவரை சிறை. பிணை வேண்டுமென்றால் மேல் நீதிமன்றம். சிறுபான்மையினரைக் காக்க உலகம் எழுதிய விதி அது. 2019 ஏப்ரலில் சிங்களச் சிறுகதை எழுத்தாளர் சக்திக்க சத்குமார ஒரு கதைக்காக அதன் கீழ்க் கைதாகி நான்கு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். அடுத்த மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவருடைய ஆடையில் அச்சிட்டிருந்த கப்பல் சுக்கானைப் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று யாரோ நினைத்திருந்தார்கள். சமவாயத்திலிருந்து நாம் உள்ளே கொண்டுவந்ததில் கூர்மையானது தண்டிக்கும் பகுதி மட்டுமே என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

வழக்காடுகிறவர்களுக்கு இன்று எஞ்சியிருப்பது என்ன? ஜெனீவாக் குழுவின் முடிவை உரிமையாகக் கோர முடியாது. ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யும் அடிப்படை உரிமை மனுவில், சித்திரவதையைத் தடுக்கும் 11ஆம், கைதையும் விசாரணையையும் பற்றிய 13ஆம் உறுப்புரைகளுக்கு எப்படிப் பொருள் கொள்ள வேண்டும் என்பதற்கு அந்த முடிவுகளைக் காட்டுவதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. வீரவன்ச தீர்ப்பு இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. சித்திரவதைக்கு எதிரான சமவாயத்துக்கு 1994இலும், வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான சமவாயத்துக்கு 2018இலும் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. அவை இரண்டும் முறைப்படி உள்ளே வந்தவை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, கொழும்பு நீதிமன்றத்திலும் தமிழில் மனு கொடுக்கவும், விளங்காத மொழியில் விசாரணை நடந்தால் மொழிபெயர்ப்புப் பெறவும் உரிமை தருகிறது. புதுக்கடை விறாந்தையில், கையில் இருக்கும் கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்று வழியில் போகிறவர்களிடம் கேட்டு நிற்கும் தாய்மாரைப் பார்த்தவர்களுக்கு அந்த உரிமைக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரம் தெரியும்.

பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதை ஒதுக்கி வைத்தது: உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் சொன்னது செல்லும், அது வற்புறுத்தலில் வந்தது என்றால் நீயே நிரூபி. 2004இல் ஜெனீவா தவறு என்று சுட்டிக்காட்டியது இந்தப் பிரிவைத்தான். 2022ஆம் ஆண்டின் திருத்தம் தடுப்புக்காவலை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. 16ஆம் பிரிவைத் தொடவில்லை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வரைவுகள் 2018 முதல் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்று வெளியாகும்போதும் நான் முதலில் புரட்டுவது வாக்குமூலம் பற்றிய பக்கத்தை. பொலிஸிடம் சொன்னது சான்றாகுமா என்று பார்க்கிறேன். பிறகு, அது சொன்னவருடைய மொழியில் எழுதப்பட வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுகிறேன்.